மதியத்தில் விழாத பூட்டு

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கேளிக்கைப் பூங்காவின் புது ரோலர் கோஸ்டர் ரயில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு உச்சிக்கு ஏறியது. உச்சியில் தண்டவாளம் முடிந்துபோகிறது; அதற்கு அப்பால் வெறும் ஆகாயம். ரயில் அங்கே நின்றதும், அதன் அடியில் இருக்கும் தண்டவாளத் துண்டு மட்டும் தராசுத் தட்டு மாதிரி முன்பக்கம் சாயத் தொடங்கும். முழுக்கச் சாய்ந்து தரையைப் பார்த்து நிற்கும்போது, கீழே காத்திருக்கும் இன்னொரு தண்டவாளத்தின் வாயோடு அதன் வாய் பொருந்தும். இரண்டு பக்கத்திலிருந்தும் மணிக்கட்டுப் பருமனில் எஃகு முளைகள் நீண்டு வந்து இரண்டையும் சேர்த்துப் பூட்டும். பூட்டு முழுதாக விழுந்தது என்று நான்கு சென்சார்களும் சொன்னால்தான் ரயிலைப் பிடித்திருக்கும் கொக்கி விடும். காலையில் நான்கும் சொல்லின. கொக்கி விட்டது. ரயில் விழுந்து, புரண்டு, சுழன்று, பெருமூச்சு விட்டபடி நிலையத்துக்குள் வந்து நின்றது.

மதியம் பூட்டு விழவில்லை.

கட்டுப்பாட்டு அறையில் மூன்று பச்சை விளக்குகளும் ஒரு சிவப்பு விளக்கும் எரிந்தன. வலது பக்க முளை கடைசி அங்குலத்தில் முரண்டு பிடித்து நின்றுவிட்டது. ரயில் உச்சியில் தலைகுப்புறத் தொங்கியது. அதில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மனிதர்கள் அல்ல, தலையும் உடம்பும் மட்டும் உள்ள, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகள். சோதனை ஓட்டத்தில் மனிதர்களின் எடைக்காக ஏற்றுவது. அந்த அறையின் ஆபரேட்டர் முன்பு மெட்ரோ ரயில் ஓட்டியவள். பயணிகளைத் திரும்பிப் பார்க்காமலே பத்து வருடம் ஓட்டியதாலோ என்னவோ, இந்தப் பொம்மைகள் மேல் அவளுக்குத் தனிப் பிரியம். முன்வரிசைக்கு உறவுமுறை வைத்துக் கூப்பிடுவாள்.

"மாமனாருக்கு வேர்த்துக் கொட்டுது சார்," என்றாள், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல்.

முன்வரிசைப் பொம்மை ஒன்றின் மூடி தளர்ந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால், இந்த ரயிலைக் கட்டும் பொறியாளர் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வாரத்தில் ஒரு மதியம்கூட அது பச்சையாகவில்லை.

அவருடைய அவசரம் அந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவருடைய மனைவி டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்திருந்தது. பள்ளி விடுமுறை விட்டதும் பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறாள். பாதுகாப்பு ஆய்வாளர் சான்றிதழ் கொடுத்து, ரயில் திறந்து, முதல் பருவம் ஓடி முடிந்த பிறகுதான் அவர் போக முடியும், ஒப்பந்தம் அப்படி. ஆனால் மகள் கிளம்புவதற்குள் அவளை முதல் வரிசையில் உட்கார வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அஸ்திவாரம் தோண்டிய வருடம் கொடுத்த வாக்கு. அப்போது அவளுக்கு ரயிலில் ஏற உயரம் போதாது. தோண்டிய இடத்தில் பாறை வந்தது. அவள் கொஞ்சம் வளர்ந்தாள். காந்த பிரேக்குகள் துறைமுகத்தில் கிடந்தன. இன்னும் கொஞ்சம் வளர்ந்தாள். தராசுத் துண்டைச் சாய்க்கும் அச்சு ஒன்றில் வார்ப்புக் குறை என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் அம்மாவின் செருப்பு அவளுக்குச் சரியாக இருந்தது. இப்போது உயரத்துக்குக் குறைவில்லை. ரயில்தான் பாக்கி.

இன்னொன்றும் உண்டு. அந்த ரயிலின் நிறம், தண்டவாளம் உட்பட, அவள் தேர்ந்தெடுத்தது.

அது தற்செயலாக நடந்தது. பெயின்ட் கம்பெனிக்காரர்கள் கொடுத்த வண்ண அட்டைகளை அவர் ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டிருந்தார். மகள் அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து, ஒன்றை உருவினாள். கறுப்பை ஒட்டிய ஊதா. அட்டையின் பின்னால் அதற்கு 'நள்ளிரவு' என்று பெயர் அச்சிட்டிருந்தது. அவர் வேடிக்கையாக அதைப் பூங்கா முதலாளியிடம் சொல்ல, முதலாளி அந்தப் பெயரையே ரயிலுக்கு வைத்துவிட்டார். விளம்பரப் பலகை, சட்டை, தொப்பி எல்லாவற்றிலும் நள்ளிரவு ஏறியது. அவள் தன் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்து, பக்கத்து வகுப்புக்கும் சொல்லிவிட்டாள். வேலையாட்கள் மட்டும் தங்களுக்குள் அதைக் 'கத்திரிக்காய்' என்றே சொன்னார்கள். கத்திரிக்காய் இன்னிக்குத் தொங்குதா, ஓடுதா என்பதுதான் மதியச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு.

பூட்டு ஏன் விழவில்லை என்று கண்டுபிடிக்க அவர் எல்லாவற்றையும் பார்த்தார். சென்சார்களை மாற்றினார். முளைகளைத் தள்ளும் எண்ணெய் அழுத்தத்தைச் சோதித்தார். கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு அளந்தார். எல்லாம் சரியாக இருந்தன. ஒன்றும் கெட்டுப்போகாத இயந்திரம் வேலை செய்யாமல் இருப்பது, காரணமே சொல்லாமல் பேச மறுக்கும் ஆளோடு ஒரே வீட்டில் இருப்பது மாதிரி.

கடைசியில் ஒரு மதியம், இடுப்பில் வார் கட்டிக்கொண்டு உச்சிக்கே ஏறினார். இரண்டு தண்டவாள வாய்களும் சேருமிடத்தில் இருக்க வேண்டிய இடைவெளி ஐந்து மில்லிமீட்டர். அளவுத் தகட்டைச் செருகிப் பார்க்கக் கையுறையைக் கழற்றினார். தகடு நுழையவில்லை. கூர்ந்து பார்க்க முன்னால் குனிந்தவர், உள்ளங்கையைத் தண்டவாளத்தில் ஊன்றினார். சுட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, விழாமலிருக்கப் பக்கத்து மேடையின் கைப்பிடியைப் பிடித்தார். அதுவும் எஃகுதான், அதே வெயிலில்தான் நின்றது. ஆனால் அது சுடவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். கைப்பிடிக்கு வெள்ளைப் பெயின்ட்.

கீழேயிருந்து ஃபோர்மேன், என்ன சார் ஆச்சு என்று வாக்கிடாக்கியில் கேட்டார்.

பொறியாளர் இறங்கிவந்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார். வெள்ளைக்கும் ஊதாவுக்கும் இருபத்தைந்து டிகிரி வித்தியாசம் காட்டியது. தராசுத் துண்டின் நீளத்துக்கு அது நாலு மில்லிமீட்டர். அந்த நாலு மில்லிமீட்டர்தான் இடைவெளியைத் தின்றுவிட்டு முளைக்கு வழிவிடாமல் நின்றது.

வடிவமைத்த கம்பெனிக்கு ஃபோன் செய்தார். அங்கே கணக்குப் போட்டவர் இளவயதுக்காரர், பணிவானவர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, நீங்கள் வெள்ளை அடிக்கவில்லையா என்று கேட்டார். அவர்கள் இதுவரை அனுப்பியதெல்லாம் வெள்ளை. அதனால் வெள்ளை என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வெள்ளையை வைத்துத்தான் வெயிலைக் கணக்கிட்டிருந்தார்கள். இங்கே நிறம் மாற்றியபோது பெயின்ட் ஒட்டுமா, உரியுமா, சக்கரத்தின் ரப்பரோடு ஒத்துப்போகுமா என்று ஆறு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். அவரும் அதில் ஒருவர். சுடுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நிறம் அலங்காரத்தைச் சேர்ந்தது, நீளம் பொறியியலைச் சேர்ந்தது என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளியிடம் சொன்னார். முதலாளி முன்பு சினிமா தியேட்டர்கள் நடத்தியவர். கோபக்காரர் அல்ல, கோபப்பட்டிருந்தால்கூட வசதியாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிவப்பு விளக்கின் எதிரில் உட்கார்ந்தார்.

"முளை உள்ள போயிருக்கு. மேல வச்சிருக்கிற கேமராவுலயே தெரியுது. விளக்குதான் சிவப்பா இருக்கு. கண்ணை நம்பறதா, விளக்கை நம்பறதா?"

"விளக்கைத்தான் சார்."

"அந்த ஒரு விளக்கை மட்டும் கேக்க வேண்டாம்னு கம்ப்யூட்டர்கிட்ட சொல்ல முடியாதா?"

"முடியும் சார்."

"சொல்வீங்களா?"

"மாட்டேன் சார்."

முதலாளி தலையாட்டினார். "நான் ஒண்ணும் செய்யச் சொல்லல. சும்மா கேட்டுப் பாத்தேன்."

அதற்குப் பிறகு தினமும் மதியம் வந்து சும்மா கேட்டுப் பார்த்தார்.

இடையில் மற்ற வழிகளையும் பார்த்தார்கள். தண்டவாளத்தின் மேல் தண்ணீர் தெளித்தார்கள். குளிர்ந்தது, பூட்டும் விழுந்தது. ஆனால் தண்ணீர் தண்டவாளத்தோடு வழிந்து, ஈரத்தில் ரயில் கணக்குக்கு மேல் வேகமாக ஓடிவந்து, கம்ப்யூட்டர் பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்தியது. துணிப் பந்தல் போட்டார்கள். மூன்றாம் நாள் காற்று அதைப் பிய்த்து ரயிலின் மேலேயே போர்த்தியது. ஆபரேட்டர் பைனாகுலரில் பார்த்துவிட்டு, மாமனாருக்குப் பொன்னாடை போத்தியாச்சு என்றாள். நாலு மில்லிமீட்டரை வெட்டி எடுத்துவிடலாமே என்று ஃபோர்மேன் கேட்டார். வெட்டலாம். ஆனால் வெயில் ஒரு பக்கமாக அடிக்கும்போது துண்டு நீள்வதோடு நிற்காமல் பக்கவாட்டில் வளையவும் செய்தது. வெட்டினால் விடிகாலைக் குளிரில் இடைவெளி விரிந்து சக்கரம் இடிக்கும். மதியத்தில் முளை அப்போதும் ஓட்டைக்குப் பக்கத்தில்தான் போய் முட்டும்.

காலையிலும் சாயங்காலத்துக்கு மேலும் மட்டும் ஓட்டலாம் என்று பேச்சு வந்தது. முதலாளிக்கு அதில் கொஞ்சம் ஆசையும் வந்தது. ஆய்வாளர் ஒப்புக்கொள்ளவில்லை. வெயில் பார்த்துப் பூட்டு போடும் ரயிலுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியாது, கொடுத்தால் முழு நாளுக்கும் கொடுப்பேன் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. யார் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் பொறியாளருக்குத் தாங்கவில்லை. சண்டை போட ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை.

வீட்டில் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. கூடத்தில் நடக்கப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு சந்து மட்டும் மிச்சம். காரணம் நிறம்தான் என்பதை அவர் மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவள் மாத்திரைப் பட்டைகளைத் தேதி பார்த்துப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவகிட்ட சொல்லாதீங்க," என்றாள்.

"எப்படிச் சொல்வேன்?"

"தெரியாம வாயில வந்துடப் போவுது. உங்களுக்குப் பொய் வராது."

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதுல டம்ளர் இருக்கு, எந்திரிங்க என்றாள். எழுந்து இன்னொன்றின் மேல் உட்கார்ந்தார்.

"காலையில பூட்டு சரியா விழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"விழுது."

"அப்ப ஒரு நாள் காலையில கூட்டிட்டுப் போங்க. ஒரு சுத்து. அவ நாலு வருஷமா காத்திட்டிருக்கா. நான் கையெழுத்துக் கேக்கல, சர்டிபிகேட் கேக்கல. ஒரே ஒரு சுத்து."

அவர் யோசிக்கிறேன் என்றார். யோசிக்கிறேன் என்று அவர் சொன்னால் இல்லை என்று அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவர் உண்மையாகவே யோசித்தார்.

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், பொம்மைகளை வைத்து ஒரு சுற்று ஓட்டச் சொன்னார். நான்கும் பச்சை. இன்னொரு சுற்று. நான்கும் பச்சை. ஆபரேட்டர் அவர் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை; சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"நாளைக்கு இதே நேரம் கூட்டிட்டு வாங்க சார்," என்றாள் மெதுவாக. "மாமனாரை இறக்கிட்டு அவளை ஏத்திடலாம். நான் ஓட்டறேன். எனக்கு வாய் கிடையாது."

அவர் ஏணியில் ஏறிப்போய்ப் பூட்டைப் பார்த்தார். வலது பக்க முளை உள்ளே அழகாக உட்கார்ந்திருந்தது. பின்னால் இழுத்துக் காட்டச் சொன்னார். முளையின் பளபளப்பில் ஒரு கீறல் இருந்தது. மதியங்களில் அது ஓட்டையின் விளிம்பில் முட்டி முட்டி உண்டான கீறல். நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. அதைப் படம் எடுத்து முந்தைய வாரமே கம்பெனிக்கு அனுப்பியிருந்தார். பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுத்திருக்கிறோம் என்று மட்டும் பதில் வந்திருந்தது. அது ஒன்றுமே இல்லாத கீறலாக இருக்கலாம். அநேகமாக ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் தன் மகளை, அந்த முளையை நம்பி, தலைகீழாக நிறுத்திப் பார்த்தார். மனசுக்குள்தான். பிறகு இறங்கி வந்தார். ஆபரேட்டர் பொம்மைகளின் மூடிகளை இறுக்கச் சொல்லி ஆள் அனுப்பினாள்.

அந்த வாரக் கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். ரயில் முழுக்க நள்ளிரவாகவே இருக்கட்டும். தராசுத் துண்டுக்கும் அதை வாங்கிக்கொள்ளும் கீழ்த் துண்டுக்கும் மட்டும் வெள்ளை அடிக்கலாம் என்றார். கறுப்பு முடியில் ஒரு நரை மாதிரி இருக்கும், பரவாயில்லை, எனக்கும் இருக்கு என்று தலையைத் தடவிக் காட்டினார். நல்ல முடிவுதான். ஆனால் பழைய பெயின்ட்டை மணல் பீய்ச்சித்தான் சுரண்ட வேண்டும். அதை உச்சியில் வைத்துச் செய்ய அனுமதியில்லை. துண்டைக் கழற்றிக் கீழே இறக்கப் பெரிய கிரேன் வேண்டும். இறக்கி, சுரண்டி, அடித்து, காயவைத்து, ஏற்றிய பிறகு எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபோர்மேன் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பொறியாளர் அவரை நிறுத்தச் சொன்னார். எந்த விரலில் மகளின் விமானம் போகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் மகள், ரயிலைப் பார்க்கவாவது வருகிறேன் என்றாள். அழைத்து வந்தார். வரும் வழியெல்லாம் புதுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி, அங்கே தனக்குக் கிடைக்கப்போகும் தனி அறையைப் பற்றி, அம்மா அதற்குள் அந்த நாட்டு மொழியில் தப்புத் தப்பாகத் திட்டப் பழகியதைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் எடுக்கவில்லை.

தராசுத் துண்டு பட்டறை முற்றத்தில் மரக்கட்டைகளின் மேல் கிடந்தது. உயரத்தில் சின்னதாகத் தெரிந்தது தரையில் ஒரு லாரி நீளத்துக்குப் படுத்திருந்தது. உச்சி வெயில். மகள் அதைச் சுற்றி ஒரு முறை நடந்தாள்.

"பக்கத்துல பாத்தா இன்னும் அழகா இருக்குப்பா."

"ம்."

நடுவில் ஓரிடத்தில் நின்றாள். அங்கே ஊதாவின் மேல் ஒரு சதுரம் வெள்ளையாக இருந்தது. வித்தியாசத்தை முதலாளிக்குக் காட்டுவதற்காக அவரே அடிக்கச் சொன்ன சதுரம். அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"இது ஏன் வெள்ளை?"

"அது வந்து... அடிப்பூச்சு. முதல்ல வெள்ளை அடிச்சுட்டுத்தான் மேல கலர் அடிப்பாங்க."

"மேலதான் ஏற்கெனவே கலர் இருக்கே."

"மறுபடி அடிப்பாங்க. அச்சுல ஒரு சின்னக் கோளாறு. கழட்டினோம். கழட்டினதோட புதுசா அடிச்சுடலாம்னு."

அவள் குனிந்து ஒரு உள்ளங்கையை வெள்ளைச் சதுரத்தின் மேல் வைத்தாள். இன்னொன்றைப் பக்கத்தில், ஊதாவின் மேல் வைத்தாள். ஊதாவின் மேல் வைத்த கையை உடனே எடுத்துவிட்டாள். வெள்ளையின் மேல் வைத்ததை எடுக்கவில்லை. சுட்ட கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு, மறுபடியும் ஊதாவின் மேல் மெதுவாக, விரல் நுனிகளை மட்டும் வைத்தாள். அவள் முதுகுதான் அவருக்குத் தெரிந்தது. பட்டறைக்குள் யாரோ இரும்பை இழுத்துப் போட்டார்கள். அவள் திரும்பவில்லை.

"கை சுட்டுக்காதே," என்றார்.

"இல்லப்பா." நிமிர்ந்தாள். "அச்சுல கோளாறா?"

"ஆமா."

"சரி."

கட்டுப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனார். ஆபரேட்டர் அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்து, பொம்மைகளை ஒவ்வொருவராக அறிமுகம் செய்து வைத்தாள். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். பச்சை விளக்கு எரியும் இடங்களையும் சிவப்பு விளக்கு எரியும் இடத்தையும் தொட்டுப் பார்த்தாள். தராசுத் துண்டு கீழே கிடந்ததால் பலகை முழுக்க இருட்டாக இருந்தது. முதலாளி வந்து ஊதாத் தொப்பி ஒன்றைக் கொடுத்தார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தொப்பி மடியில் இருந்தது. வெகுதூரம் வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிக்னலில் பஸ் நின்றபோது, வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"இனிமே கலர் அட்டை வீட்டுக்குக் கொண்டு வந்தா என்கிட்ட காட்டாதப்பா."

அவர் பதில் தேடினார். ஆறு பேர் கையெழுத்துப் போட்டதைச் சொல்லலாம். கணக்குப் போட்டவர் எழுதி வைக்காததைச் சொல்லலாம். எல்லாம் உண்மை. எதைச் சொன்னாலும் அச்சு என்று சொன்னது பொய்யாகிவிடும். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதை இருவரும் ஒப்புக்கொண்டதாகவும் ஆகிவிடும்.

"ஏன்? உனக்கு நல்லா செலக்ட் பண்ண வருது," என்றார்.

"வெள்ளையும் நல்லாத்தான் இருக்கும்," என்றாள் அவள், ஆறுதல் சொல்லும் குரலில்.

சிக்னல் இன்னும் சிவப்பாகவே இருந்தது. பஸ் நின்றது. அவளுடைய வலது உள்ளங்கை மடியில் மல்லாந்து கிடந்தது. அதில் செந்நிறமாக ஒரு கோடு. அதை எடுத்து ஊதிவிடலாம் என்று கை நீட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி நடத்தினால் அவளுக்குப் பிடிக்காது. நீட்டிய கையால் தொப்பியை எடுத்து, தூசி தட்டி, திருப்பி அவள் மடியில் வைத்தார்.